ரிசப்ஷன் கோட் தைக்கப்போகும் தம்பிமாருக்கு

அட்டனில் தைக்கிறவன் நான். தாலி கட்ட வேட்டி, ரிசப்ஷனுக்குக் கோட் சூட் என்றுதான் இங்கே அதிகம் கேட்கிறார்கள். காலோடு ஒட்டுகிற களிசான் மோகம் குறைந்துவிட்டது. இப்போது தொடையில் கொஞ்சம் தாராளம், அகலமான காலர் மடிப்பு, இரட்டை வரிசைப் பட்டன். கறுப்பை விட ஒலிவ் பச்சையும் மண்ணிறமும் படத்தில் எடுப்பாக விழும். மினுங்கும் துணி மட்டும் வேண்டாம், பிளாஷ் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும்.

நுவரெலியா மண்டபம் என்றால் கம்பளி கலந்த துணி எடுங்கள், இரவுக் குளிருக்குத் தாங்கும். கொழும்பு என்றால் பாதி லைனிங் (கோட்டின் உள்துணி) போதும்.

தோள்தான் உயிர். கோட்டைப் போட்டு, பக்கவாட்டாகச் சுவரில் மெல்லச் சாயுங்கள். உங்கள் கை படுவதற்கு முன்னே தோள்பட்டைப் பஞ்சு சுவரில் முட்டினால் கோட் பெரிது. இடுப்பைப் பிடிக்கலாம், கையைக் குறைக்கலாம்; தோளைத் திருத்துவது பெரும்பாடு. கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னே ஒரு பையன் தோள் பொருந்தாத வாடகைக் கோட்டோடு வந்தான். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை, இன்னும் மனதை உறுத்துகிறது. ஆறு வாரம் முன்னாடியே வாருங்கள்.

அளவு பார்க்க வரும்போது கல்யாணச் சப்பாத்தையும் சேர்ட்டையும் போட்டு வாருங்கள். கோட் கைக்கு வெளியே சேர்ட் அரை அங்குலம் தெரிய வேண்டும்.