பழைய காருக்குப் புதுக் கண்ணாடி: ரப்பர் பீடிங்கில் பொருத்தும் முறை

பழைய காரைப் புதுப்பிக்கும்போது கண்ணாடி கடைசிக் கட்டத்தில்தான் ஏறும். ஆனால் அது ஒழுங்காக உட்காருமா, ஒழுகுமா, விரிசல் விடுமா என்பது பெயின்ட் அடிப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. கண்ணாடியை ஏற்றக் கயிறு இழுக்கும்போது அது விரிசல் விட்டால் இழுத்த கையைக் குறை சொல்வார்கள். குறை பெரும்பாலும் கண்ணாடி உட்காரும் தகட்டு விளிம்பில் இருக்கும். அதனால் இந்த வேலையில் பாதி நேரத்தை விளிம்புக்கே கொடுங்கள்.

இங்கே சொல்வது ரப்பர் பீடிங்கில் நிற்கும் கண்ணாடிக்கு மட்டும். பீடிங் என்பது கண்ணாடியைச் சுற்றி மாட்டும் ரப்பர்: அதன் ஒரு காடியில் (நீளப் பள்ளத்தில்) கண்ணாடியும், இன்னொரு காடியில் தகட்டு விளிம்பும் நுழையும். காடியின் ஓரத்தில் மடியும் மெல்லிய பகுதிதான் உதடு. பசை போட்டு நேராக பாடியில் ஒட்டும் கண்ணாடி பாடியின் விறைப்பிலும் பங்கெடுக்கிறது. அதன் முறையே வேறு, அதை இதோடு கலக்கக் கூடாது.

எந்தக் கண்ணாடி

முன்பக்கத்துக்கு லேமினேட்டட் கண்ணாடிதான். இரண்டு கண்ணாடித் தாள்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் இருக்கும். உடைந்தாலும் துண்டுகள் அதிலேயே ஒட்டி நிற்கும். பழைய கார்கள் பலவற்றில் முன்பக்கமும் டஃபன்டு கண்ணாடியாகவே (சூட்டில் பலப்படுத்திய ஒற்றைக் கண்ணாடி) வந்தது. மாற்றுவதற்கு இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. கதவுக் கண்ணாடிக்கும் பின்கண்ணாடிக்கும் டஃபன்டு சரி. ஆனால் அதன் பலமெல்லாம் பரப்பில்தான். ஓரத்தில் ஒரு தட்டு பட்டால் மொத்தமும் குருணையாகக் கொட்டிவிடும். அதை வெட்டவும் முடியாது, துளை போடவும் முடியாது.

தட்டையான முன்கண்ணாடியை அச்சு வைத்து லேமினேட்டட் கண்ணாடியில் வெட்டி வாங்கலாம். பழைய கண்ணாடியை 3 மி.மீ. பிளைவுட்டில் வைத்து வரைந்து அச்சு எடுங்கள். வளைந்த கண்ணாடி என்றால் அந்த மாடலுக்கென்றே வார்த்ததுதான் வேண்டும். வாங்கும்போது ரப்பரையும் கையில் எடுத்துப் போய்க் கண்ணாடியின் தடிமன் அதன் காடிக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். டஃபன்டுக்குப் பதில் லேமினேட்டட் போடும்போது தடிமன் கூடி, ரப்பர் வாய் பிளந்து நிற்பது அடிக்கடி நடப்பது. 6 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 15 கிலோ கனக்கும். தூக்கவும் வைக்கவும் இரண்டு பேர் கட்டாயம். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் தொட வேண்டாம்.

தகட்டு விளிம்பு

பழைய ரப்பரை மிச்சம் பிடிக்காதீர்கள். வெளி உதட்டைக் கத்தியால் சுற்றிலும் அறுத்துவிட்டால் கண்ணாடி தானாக வெளியே வரும். விளிம்பில் இருக்கும் பழைய சீலன்ட்டை (ஒழுகாமல் அடைக்கும் பூச்சு) சுரண்டி, துருவை வெறும் இரும்பு தெரியும்வரை எடுத்து, எபாக்ஸி பிரைமர் அடியுங்கள். கீழ் மூலைகள் இரண்டையும் கூடுதலாகப் பாருங்கள். தண்ணீர் அங்கேதான் தேங்கும், அரிப்பும் அங்கேதான் தொடங்கும்.

அடுத்தது தடிமன். இரண்டு தகடுகள் ஸ்பாட் வெல்டிங்கில் சேர்ந்த விளிம்பு சுமார் 2 மி.மீ. இருக்கும். ரப்பரின் காடி அதற்காக வார்த்தது. டிங்கரிங்கில் ஒட்டுத் தகடு வைத்து, மேலே பட்டியும் (பள்ளம் நிரப்பும் பூச்சு) பூசி, அது 3, 4 மி.மீ. ஆகிவிட்டால் உதடு ஒருநாளும் படியாது. வெர்னியர் வைத்து எட்டு, பத்து இடங்களில் அளந்து பாருங்கள். விளிம்பில் பட்டி பூசவே கூடாது.

வெல்டிங் பொறி ஒட்டிய மணிகள், பிசிர்கள் கண்ணுக்குத் தப்பிவிடும். விரலில் மெல்லிய நைலான் துணியைச் சுற்றிக்கொண்டு விளிம்பு முழுக்க மெதுவாக ஓட்டுங்கள். துணி எங்கே சிக்குகிறதோ அங்கே அரத்தால் ராவுங்கள். கடுகளவு மணி போதும்: ரப்பர் அந்த இடத்தில் நசுங்கி, அழுத்தமெல்லாம் ஒரே புள்ளியில் விழுந்து, ஒரு வெயில் நாளில் அங்கிருந்து விரிசல் கிளம்பும்.

இனி, பெயின்ட்டுக்கு முன் வெறும் கண்ணாடியை வைத்துப் பார்க்கும் வேலை. இதைத் தாண்டிப் போகாதீர்கள். பழைய ரப்பரில் 5 செ.மீ. துண்டுகளாக எட்டு வெட்டி விளிம்பில் ஆங்காங்கே மாட்டி, கண்ணாடியை அவற்றின் மேல் சாத்துங்கள். கண்ணாடி ஓரத்துக்கும் தகட்டு ஓரத்துக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் 4, எதிர்ப்பக்கம் 9 மி.மீ. என்று வந்தால் முதலில் கண்ணாடியை நகர்த்திப் பாருங்கள். நகர்த்தியும் சரியாகாவிட்டால் தூணோ கூரையோ வெல்டிங்கில் இழுத்திருக்கிறது. மூலைவிட்டம் இரண்டையும் அளந்தால் தெரிந்துவிடும். வளைந்த கண்ணாடியை எதிரெதிர் மூலைகளில் லேசாக அழுத்துங்கள். கட்டில் கால் ஆடுவதுபோல் ஆடினால் விளிம்பைத்தான் நிமிர்த்த வேண்டும். கண்ணாடி வளைந்து கொடுக்காது. இதையெல்லாம் பெயின்ட் அடித்த பிறகு கண்டுபிடித்தால் பெயின்ட்டும் போச்சு.

பெயின்ட் அடித்தபின் குறைந்தது ஒரு வாரம் விடுங்கள். முழுதாக இறுகாத பெயின்ட்டில் ரப்பர் ஒட்டிக்கொண்டு தோலை உரித்துவிடும்.

கயிறு கட்டி ஏற்றுவது

வேலைக்கு முன் ரப்பரைச் சுடுதண்ணீரில் அரை மணி நேரம் போட்டால் இளகி வளையும். கண்ணாடியை போர்வை விரித்த மேசையில் படுக்கவைத்து, மூலைகளில் தொடங்கி ரப்பரை மாட்டுங்கள். நீளமாக வரும் ரப்பரை வெட்டுவதானால் 10 முதல் 15 மி.மீ. கூடுதலாக விட்டு, இழுக்காமல் நெருக்கி வைத்து ஒட்டுங்கள். இழுத்து மாட்டினால் சில மாதத்தில் சுருங்கி இணைப்பு வாய் திறக்கும். இணைப்பு மூலையில் வரக் கூடாது. பளபளப்புப் பட்டை ரப்பருக்குள் போகும் மாடல் என்றால், அதை எப்போது மாட்டுவது என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் அது கண்ணாடி ஏறுவதற்கு முன்பே ரப்பருக்குள் போக வேண்டும்.

4 அல்லது 5 மி.மீ. வழுவழுப்பான நைலான் கயிறு எடுங்கள். மீன்பிடி நரம்பு போல மெல்லியதாக இருந்தால் உதட்டை அறுத்துவிடும். சுற்றளவைவிட 60 செ.மீ. கூடுதலாக வெட்டி, தகடு நுழையும் காடிக்குள் சுற்றிலும் வைத்து, கீழ் நடுவில் இரண்டு முனைகளும் 20 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று கடந்து தொங்கும்படி விடுங்கள். விளிம்பிலும் காடியிலும் சோப்புத் தண்ணீர் தாராளமாகத் தடவுங்கள். கிரீஸ், இன்ஜின் ஆயில் வேண்டவே வேண்டாம். ரப்பர் ஊதிப்போகும்.

வெளியே இருப்பவர் கண்ணாடியை நடுவாக வைத்து, கீழ்ப்பக்கக் காடியை விளிம்பில் உட்கார வைக்கட்டும். உள்ளே இருப்பவர் கயிற்றின் ஒரு முனையைக் கண்ணாடியின் நடுவை நோக்கி, கண்ணாடிக்கு ஒட்டினாற்போல் இழுக்க வேண்டும். உதடு தகட்டைத் தாண்டி உள்ளே மடிவது கண்ணுக்கே தெரியும். கயிறு போகும் இடத்துக்கு நேரே வெளியாள் உள்ளங்கையால் தட்டிக்கொண்டே வரட்டும், முஷ்டி கூடாது. கீழ்ப்பக்கம், இரண்டு மூலைகள், பக்கங்கள், கடைசியாக மேலே. ஒரு முனையை ஓரளவு இழுத்ததும் மறுமுனைக்கு மாறுங்கள். ஒரே பக்கமாக இழுத்தால் கண்ணாடி ஒருச்சாய்ந்து, எதிர் மூலை ஏறாது. கயிறு கல்லாக நின்றால் பலம் காட்டாதீர்கள். உதடு எங்கோ மடிந்து மாட்டியிருக்கிறது. மழுங்கிய மூங்கில் சிம்பால் நெம்பி எடுத்துவிடுங்கள். ஸ்க்ரூடிரைவர் பெயின்ட்டையும் கண்ணாடி ஓரத்தையும் சேர்த்தே கெடுக்கும்.

பூட்டுப்பட்டை (ரப்பருக்குள் திணித்து அதை இறுக்கும் தனிப் பட்டை) உள்ள ரப்பர் வேறு வகை. பழைய மினியில் இருப்பது இதுதான். அதில் ரப்பரை முதலில் பாடியில் மாட்டி, கண்ணாடியைக் காடிக்குள் வழுக்கிச் செலுத்தி, கடைசியில் பட்டையை அதற்கான வளையக் கருவியால் திணிக்க வேண்டும். சோப்பு இல்லாமல் பட்டை நகராது. இதையும் இழுக்காமல் 10 மி.மீ. மிச்சம் வைத்து வெட்டுங்கள்.

சீலன்ட்

கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவே, ரப்பருக்கும் பாடிக்கும் நடுவே, இறுகிப்போகாத மாஸ்டிக் சீலன்ட் போடுங்கள். கண்ணாடி ஏறி, சோப்புத் தண்ணீர் முழுக்க உலர்ந்த பிறகு, உதட்டை லேசாகத் தூக்கி சீலன்ட் குழலின் மெல்லிய மூக்கால் செலுத்தினால் போதும். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் இரும்பை அரிக்கும். யூரித்தேன் போட்டால் அடுத்த முறை கண்ணாடியை முழுதாகக் கழற்றவே முடியாது.

கதவுக் கண்ணாடி

இங்கே சிக்கல் குறைவு. கண்ணாடியின் அடிவிளிம்பைப் பிடிக்கும் அடிச்சட்டத்துக்குள் ரப்பர் பட்டையை வைத்து, கண்ணாடியை மரக்கட்டையால் அழுத்தி இறக்குங்கள். கழற்றும் முன் சட்டம் கண்ணாடி ஓரத்திலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி இருந்தது என்று அளந்து வைத்திருக்க வேண்டும். அது தவறினால் கண்ணாடி கோணலாக ஏறும். பக்கத்து ஃபெல்ட் சானல்களை (கண்ணாடி வழுக்கி ஏறும் தடங்கள்) புதிதாகவே போடுங்கள். கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரின் போல்ட்டுகளைத் தளர்வாக வைத்து, கண்ணாடியை முழுக்க மேலேற்றி, அந்த நிலையில் முறுக்குங்கள்.

தண்ணீர் சோதனை

டேஷ்போர்டும் தரைவிரிப்பும் போடுவதற்கு முன் செய்ய வேண்டியது. உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்காரட்டும். குழாயை மெதுவான ஓட்டத்தில் வைத்து, கீழிருந்து தொடங்கி, ஒவ்வொரு பக்கத்திலும் சில நிமிடம் நிறுத்தி மேலே போங்கள். மேலிருந்து ஊற்றினால் தண்ணீர் ரப்பருக்குள்ளேயே ஓடிக் கீழ் மூலையில் சொட்டும். நீங்கள் கீழ் மூலையில் சீலன்ட் திணித்துக்கொண்டிருப்பீர்கள். கீழே நனைக்கும்போது வராத தண்ணீர் பக்கம் நனைத்ததும் வந்தால், ஓட்டை பக்கத்தில். அந்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிக் குறித்து, ரப்பர் உலர்ந்தபின் சீலன்ட் செலுத்தி, மறுநாள் அதே இடத்தில் மறுபடி தண்ணீர் விட்டுப் பாருங்கள்.