வென்டிலேட்டரில் இருப்பவருக்கு இன்ஹேலர் மருந்து கொடுப்பது எப்படி?

ஆஸ்துமா அல்லது சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ள நோயாளிக்கு டாக்டர் நான்கு பஃப் சால்பியூட்டமால் (காற்றுப்பாதையை விரிக்கும் மருந்து) எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பஃபுக்கு 100 மைக்ரோகிராம். அதில் பெரும்பகுதி வென்டிலேட்டர் குழாயிலேயே படிந்துவிடக்கூடும். எவ்வளவு உள்ளே போகிறது என்பது பெரிதும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

மருந்தை எடுப்பதற்கு முன் வென்டிலேட்டர் திரையைப் பாருங்கள். வால்யூம் கன்ட்ரோலில் (ஒவ்வொரு மூச்சுக்கும் குறிப்பிட்ட அளவு காற்று தரும் முறை), நோயாளி தானாக மூச்சு இழுக்காத நேரத்தில், உள்மூச்சின் முடிவில் ஹோல்டு கொடுத்து (காற்றோட்டத்தைச் சற்று நிறுத்தி), பீக் அழுத்தத்தையும் (உள்மூச்சில் எட்டும் உச்ச அழுத்தம்) பிளாட்டோ அழுத்தத்தையும் (காற்றோட்டம் நின்றதும் இருக்கும் அழுத்தம்) குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் காற்றுப்பாதையின் தடையைக் காட்டும். ஆட்டோ-பீப் (மூச்சு முழுதாக வெளியேறாததால் நுரையீரலில் தங்கும் அழுத்தம்) அளவையும் எழுதுங்கள். இந்தப் படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். முன்பு எடுத்த அளவு இல்லாமல் மருந்து வேலை செய்ததா என்று எப்படிச் சொல்வது?

சளி இருந்தால் சக்‌ஷன் செய்யுங்கள். அப்புறம் எச்.எம்.இ. ஃபில்டரைக் (மூச்சின் சூட்டையும் ஈரத்தையும் தக்கவைப்பது) கழற்றுங்கள், இல்லையென்றால் மருந்து அதிலேயே சிக்கிவிடும். சூடேற்றும் ஹியூமிடிஃபையர் என்றால், கொஞ்ச நேர சிகிச்சைக்காக அதை அணைக்க வேண்டியதில்லை.

ஸ்பேசரை (மருந்துப் புகையைத் தேக்கும் சிறு கூடு) உள்மூச்சுக் குழாயில், வொய்-பீஸுக்குச் (உள்மூச்சு, வெளிமூச்சுக் குழாய்கள் சேரும் இணைப்பு) சற்று முன்னால் பொருத்துங்கள். ஸ்பேசர் இல்லாத வெறும் அடாப்டரில் மருந்து போய்ச் சேருவது மிகவும் குறைவு. இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, வென்டிலேட்டர் மூச்சு கொடுக்கத் தொடங்கும் அதே நொடியில் அழுத்துங்கள். வெளிமூச்சில் அழுத்தினால் மருந்து வீண். 15 முதல் 30 வினாடி விட்டு, மறுபடி குலுக்கி, அடுத்த பஃப்.

இன்ஹேலருக்குப் பதில் ஜெட் நெபுலைசர் (வாயுவைச் செலுத்தி மருந்தை நுண்துளிகளாக்கும் கருவி) என்றால் வொய்-பீஸிலிருந்து சுமார் 30 செ.மீ. முன்னால் வையுங்கள். நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் வாயு கூடுதலாகச் சேர்வதால் டைடல் வால்யூம் (ஒரு மூச்சில் போகும் காற்றின் அளவு) ஏறலாம். நோயாளி தன் முயற்சியால் வென்டிலேட்டர் மூச்சைத் தூண்டவும் சிரமப்படலாம். அருகிலேயே நின்று கவனியுங்கள். வெளிமூச்சு ஃபில்டரும் மருந்துத் துளிகளால் அடைபடும். மெஷ் நெபுலைசரில் (அதிரும் வலை வழியே மருந்தைத் துளிகளாக்குவது) கூடுதல் வாயு கிடையாது.

முடிந்ததும் எச்.எம்.இ.யை மறக்காமல் திரும்ப மாட்டுங்கள். 15 நிமிடம் கழித்து அதே அளவுகளை மறுபடி எடுங்கள். பீக்-பிளாட்டோ வித்தியாசமும் ஆட்டோ-பீப்பும் குறைந்திருந்தால் மருந்து வேலை செய்கிறது. இதயத் துடிப்பு ஏறியிருக்கிறதா, தாளம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். அடிக்கடி கொடுத்தால் பொட்டாசியம் குறையும்.

எதுவும் குறையவில்லையா? டோஸைக் கூட்டச் சொல்லிக் கேட்பதற்கு முன், டியூப் மடங்கியிருக்கிறதா, சளி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பிளாட்டோ அழுத்தமே ஏறியிருந்தால் நியூமோதோராக்ஸாக (நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து அழுத்துவது) இருக்கலாம்; உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.