கால் நகச்சொத்தை: வீட்டில் என்ன செய்யலாம், எதை முதலில் செய்யணும்

கால் கட்டைவிரல் நகம் மஞ்சளாகி, தடித்து, ஓரத்தில் மாவு மாதிரி உதிர்கிறதா? வடசென்னையில் இது ரொம்ப சகஜம். மணலி, எண்ணூர் கம்பெனிகளில் நாள் முழுக்க சேஃப்டி ஷூ, காசிமேட்டில் ஐஸ் தண்ணீரும் கம் பூட்ஸும், மழை வந்துவிட்டால் வியாசர்பாடி, புளியந்தோப்புத் தெருக்களில் கணுக்கால் தண்ணீர். பல பேருக்கு விரலிடுக்கில் சேற்றுப்புண்ணாக ஆரம்பித்து, அதே பூஞ்சை நகத்துக்கு அடியில் போய்த் தங்கிவிடுகிறது. எனக்கு ஷூவால் வந்தது. இப்போது நகம் முழுசாக மாறிவிட்டது. அதற்கு என்ன செய்தேன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோய் உள்ளவர்கள், பாதத்தில் மரத்துப்போன உணர்வு உள்ளவர்கள், காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்தவர்கள் யாரும் கீழே உள்ளதை வீட்டில் செய்ய வேண்டாம். சின்னக் கீறல்கூட உங்களுக்குப் பெரிய புண்ணாகலாம். நேராக டாக்டரிடம் போங்கள்.

முதல் படி: பூஞ்சைதானா?

கோணலாகத் தெரியும் கால் நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பூஞ்சை. இறுக்கமான ஷூ இடித்தாலும், சொரியாசிஸ் இருந்தாலும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். நகத்தைச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கரைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். கே.ஓ.எச். டெஸ்ட் என்று கேளுங்கள். நம்ம பக்கத்துக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, காலையிலேயே ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள். ஏற்கெனவே க்ரீம் தடவிக்கொண்டிருந்தால் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். க்ரீம் பட்ட நகத்தில் பூஞ்சை இருந்தாலும் டெஸ்டில் தெரியாமல் போகலாம்.

இரண்டாம் படி: நகத்தை மெலிதாக்குவது

முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது. நான் முன்னேறாமல் நின்றதும் இந்த இடத்தில்தான். பூஞ்சை நகத்துக்கு மேலே இல்லை, அடியில், நகமும் சதையும் சேரும் இடத்தில் இருக்கிறது. தடித்த நகத்தின் மேல் எதைத் தடவினாலும் அது மேலேயே காய்ந்துபோகும். பாட்டி வைத்தியம் பலிக்கவில்லை என்று சொல்பவர்களில் முக்கால்வாசிப் பேர் நகத்தை ராவியிருக்கவே மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

குளித்த கையோடு செய்யுங்கள். இல்லை என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் காலை வையுங்கள். நகம் ஊறி, நகவெட்டிக்கு வளைந்து கொடுக்கும். சதையை விட்டுப் பிரிந்திருக்கும் பகுதியை மட்டும் நகவெட்டியால் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கி எடுங்கள், ஒரே வெட்டில் வேண்டாம். துடைத்துக் காயவைத்துவிட்டு, கீழே பழைய பேப்பர் விரித்து, நகத்தின் மேல்பக்கத்தை எமரி ஃபைலால் (உப்புத்தாள் ஒட்டிய அட்டைப் பட்டை) ராவுங்கள். வெள்ளைத் தூள் கொட்டும். மூக்கில் போகாமல் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். அழுத்தினால் நகம் லேசாக வளைகிற அளவுக்கு வந்தால் போதும், வலித்தால் உடனே நிறுத்துங்கள். பேப்பரை மடித்துக் குப்பையில் போட்டுவிடுங்கள்.

ஊக்கு, குண்டூசி எதையும் நகத்துக்கு அடியில் விட்டுக் குடையக் கூடாது. குடையக் குடைய நகம் இன்னும் பிரியும், பூஞ்சைக்கு இடம்தான் கூடும். ஃபைல் விஷயத்தில் நான் கறார்: ஸ்டீல் ஃபைல் வேண்டாம், மலிவான அட்டை ஃபைலே நல்லது, அடிக்கடி தூக்கி எறியலாம். சொத்தை நகத்துக்கு வைத்த ஃபைலும் நகவெட்டியும் நல்ல நகத்தைத் தொடக் கூடாது, வீட்டில் வேறு யாரும் எடுக்கவும் கூடாது. ராவியும் இளகாத நகம் என்றால், 40 சதவீத யூரியா க்ரீம் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

இன்னொன்று. நல்ல நகமும் மஞ்சள் நகமும் சேரும் இடத்தில் ஃபைல் முனையால் மெல்லிசாக ஒரு கோடு கீறுங்கள். நகம் வளர வளர அந்தக் கோடு நுனியை நோக்கி நகரும். கோட்டுக்குப் பின்னால் வருவது சுத்தமாக இருந்தால் மருந்து வேலை செய்கிறது. மஞ்சள் நிறம் அந்தக் கோட்டைத் தாண்டிப் பின்னால் வந்தால் இந்த மருந்து போதவில்லை. மாதம் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

மூன்றாம் படி: எதைத் தடவுவது

வீட்டுப் பொருட்களில் என் ஓட்டு விக்ஸுக்கு. அதில் கற்பூரம், ஓமத்திலிருந்து வரும் தைமால், நீலகிரித் தைலம் எல்லாம் இருக்கின்றன. 2011இல் வந்த ஒரு சின்ன ஆய்வில் 18 பேர் இதைத் தடவிப் பார்த்தார்கள். 48 வாரம் கழித்து 5 பேருக்கு முழுக் குணம், 10 பேருக்கு ஓரளவு, 3 பேருக்கு மாற்றமே இல்லை. அந்த அளவுக்கு மட்டும் நம்புங்கள். தினமும் ஒரு தடவை, பஞ்சுக் குச்சியால், நுனிக்கு அடியிலும் படும்படி தடவணும்.

வினிகர் என்றால் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு வெதுவெதுப்பான தண்ணீர், 15 நிமிடம், அப்புறம் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். நகம் ஊறுவதற்கு உதவும், பூஞ்சையைத் தீர்க்கும் என்று சொல்ல மாட்டேன். வேப்ப எண்ணெய், மஞ்சள், மருதாணி எல்லாம் சேற்றுப்புண்ணுக்கு நாம் காலங்காலமாக வைப்பவை. நகத்தைத் துளைத்து உள்ளே போகுமா என்பது வேறு கேள்வி. பச்சைப் பூண்டை அரைத்துக் கட்டாதீர்கள், தோல் வெந்துவிடும்.

எனக்கு முக்கிய வேலை செய்தது டாக்டர் எழுதிக் கொடுத்த அமரோல்ஃபின் 5 சதவீத நகப்பூச்சு. வாரம் ஒரு முறை நகத்தை ராவி, ஸ்பிரிட்டால் துடைத்து, பூசிக் காயவிடணும். பூஞ்சை நகத்தின் வேர்வரை போயிருந்தாலோ, பல நகங்களில் பரவியிருந்தாலோ பூச்சு போதாது. டெர்பினஃபின் மாத்திரை 250 மில்லிகிராம், தினம் ஒன்று, 12 வாரம் என்பது வழக்கமான அளவு. கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

நான்காம் படி: ஷூ

இரண்டு ஜோடி மாற்றி மாற்றிப் போடுங்கள், ஒன்று முழுநாள் காயட்டும். சாக்ஸ் தினம் மாற்றணும், வெந்நீரில் துவைத்து வெயிலில் போடணும். விரலிடுக்கில் சேற்றுப்புண் இருந்தால் க்ளோட்ரிமசோல் க்ரீம் தடவி அதையும் சேர்த்தே ஆற்றுங்கள். அது ஆறாத வரை நகத்துக்குத் திரும்பிவரும்.

எவ்வளவு நாள்? கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான் வளரும். கட்டைவிரல் நகம் முழுசாக மாற 12 முதல் 18 மாதம் ஆகும். கெட்டுப்போன நகம் திரும்ப நல்ல நகமாகாது, அது வெளியே வளர்ந்து போகணும், புதுசு அந்த இடத்துக்கு வரணும். நடுவில் அழகாகத் தெரிகிறதே என்று நிறுத்திவிடாதீர்கள்.

பிற்சேர்க்கை: படித்துவிட்டு இரண்டு மூன்று பேர், படர்தாமரைக்கு மெடிக்கலில் கொடுத்த க்ரீமையே நகத்துக்கும் போடலாமா என்று கேட்டார்கள். ட்யூபில் க்ளோபெடசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். அவை ஸ்டீராய்டு. அரிப்பு உடனே அடங்கும், பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டே இருக்கும். வேண்டாம்.

இன்னொருவர், நகத்தில் நீளவாக்கில் கறுப்புக் கோடு விழுந்திருக்கிறது, இதே முறை சரியா என்று கேட்டிருந்தார். ராவவும் வேண்டாம், எதுவும் தடவவும் வேண்டாம். அரிதாக அது தோல் புற்றுநோயாகவும் இருக்கலாம். இந்த வாரமே தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.