அமெரிக்கால யுஜி சேரப்போறீங்களா? ஃப்ரெஷ்மன் செமினார் ஒண்ணு எடுத்துடுங்க, எப்படின்னு சொல்றேன்

நம்ம பசங்க முதல் செமஸ்டருக்கு கோர்ஸ் எடுக்கும்போது கால்குலஸ், கெமிஸ்ட்ரி, சிஎஸ்னு வரிசையா போட்டுட்டு ஃப்ரெஷ்மன் செமினார்னு, அதாவது முதல் வருஷ பசங்களுக்கு மட்டும்னு வைக்கற சின்ன டிஸ்கஷன் வகுப்பு, ஒரு பகுதி இருக்கறத கண்டுக்காம போயிடறாங்க. பெரிய காலேஜ்ல முதல் வருஷ லெக்சர்ல நூத்துக்கணக்குல உக்காந்திருப்பாங்க, ப்ரொஃபசருக்கு உங்க மூஞ்சி கூட தெரியாது, ஆனா செமினார்ல பத்து பதினஞ்சு பேர்தான், நீங்க வரலன்னா அவருக்கே தெரியும். ஹார்வர்ட்ல இது 1959லயே ஆரம்பிச்சது.

முதல்ல அது எந்த மாதிரி செமினார்னு பாருங்க, ஏன்னா பேரு ஒரே மாதிரி இருக்கும், உள்ள இருக்கறது வேற. சவுத் கரோலைனா யுனிவர்சிட்டில 1972ல ஆரம்பிச்ச யுனிவர்சிட்டி 101 மாதிரியான கோர்ஸ், காலேஜ் வாழ்க்கைக்கு உங்கள தயார் பண்றது. கார்னெல் யுனிவர்சிட்டில எழுத்துப் பயிற்சிக்கான ரைட்டிங் செமினார், பெரும்பாலானவங்க ரெண்டு எடுத்தே ஆகணும், பிடிச்சத வரிசைப்படுத்தி பேலட் போடணும். லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்கற யுசிஎல்ஏ யுனிவர்சிட்டில ஃபியட் லக்ஸ்னு ஒண்ணு இருக்கு, 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்ததும் அத பத்தி பேசறதுக்காக ப்ரொஃபசர்ங்க அவசரமா ஆரம்பிச்ச சின்ன வகுப்புங்கதான் அப்புறம் எல்லா சப்ஜெக்ட்டுக்கும் பரவுச்சு, 1 யூனிட் (யூனிட்னா கோர்ஸுக்கான கிரெடிட்), கிரேட் கிடையாது, பாஸ் இல்லன்னா நோ பாஸ், அவ்ளோதான். அதனால எத்தன யூனிட், கிரேட் உண்டா, டிகிரிக்கு எதுல கணக்காகும், இந்த மூணையும் அட்வைசர்கிட்ட கேட்டுடுங்க.

எஃப்-1ங்கற ஸ்டூடன்ட் விசால போறவங்க கவனிங்க, ஃபுல் டைம்னு காட்ட பொதுவா 12 யூனிட் வேணும், நடுவுல எதையாவது ட்ராப் பண்ணி அதுக்கு கீழ போயிடக்கூடாது, ட்ராப் பண்றதுக்கு முன்னாடியே இன்டர்நேஷனல் ஆபீஸ்ல கேட்டுக்கோங்க.

டாபிக் எடுக்கறதுல என் கருத்து, மேஜர் சப்ஜெக்ட்லயே எடுக்காதீங்க, அத எப்படியும் நாலு வருஷம் படிக்கத்தான் போறீங்க. ஆனா கிரேட் உண்டுன்னா பழைய சிலபஸ் கிடைச்சா வாரத்துக்கு எத்தன பக்கம் படிக்கணும்னு பாத்துக்கோங்க.

ஸ்டான்ஃபோர்ட் மாதிரி இடத்துல செமினாருக்கே தனியா எழுதி அப்ளை பண்ணணும், பல இடத்துல ரெகுலர் ரெஜிஸ்ட்ரேஷனுக்கு முன்னாடியே தேதி முடிஞ்சிடும், அதனால லீவுல இருந்தாலும் காலேஜ் மெயில பாத்துட்டே இருங்க. அந்த அப்ளிகேஷன்ல நம்மாளுங்க சின்ன வயசுலேர்ந்தே ஆர்வம்னு ஆரம்பிச்சு ப்ளஸ் டூ மார்க் வரைக்கும் எழுதுவாங்க, அது வேண்டாம், மார்க் பாத்துதான் அட்மிஷனே குடுத்திருக்காங்க. உங்க மனசுல நிஜமா இருக்கற ஒரு கேள்வி எழுதுங்க. தண்ணி பத்தின செமினாரா, வீராணம் ஏரி கடலூர் மாவட்டத்துல இருக்கு, அங்கேர்ந்து சென்னைக்கு குடிதண்ணி வருது, வறட்சி வந்தா வயலுக்கா நகரத்துக்கான்னு யார் எப்படி முடிவு பண்றாங்கன்னு கேளுங்க. இத உங்களால மட்டும்தான் எழுத முடியும்.

இப்ப முக்கியமான விஷயம், பேசறது. நம்ம ஸ்கூல்ல வாய மூடிட்டு கவனிச்சா நல்ல பையன், இங்க பேசாம இருந்தா படிக்காம வந்திருக்கான்னு நினைப்பாங்க, கிரேட் இருக்கற செமினார்ல பேசறதுக்கே மார்க் இருக்கும். முந்தின நாள் படிக்கும்போது புரியாத ஒரு இடம், ஒத்துக்க முடியாத ஒரு இடம், ரெண்டையும் பக்க நம்பரோட குறிச்சு வச்சுக்கோங்க, வகுப்பு ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே அதுல ஒண்ண கேட்டுடுங்க, தள்ளிப்போட தள்ளிப்போட பயம் ஏறிட்டே போகும். பக்கத்துல இருக்கற பொண்ணு சொன்னத புடிச்சுகிட்டு, நீங்க சொன்னதுல எனக்கு ஒரு டவுட்னு ஆரம்பிச்சாலும் போதும். ப்ரொஃபசர் சொன்னத மறுத்து பேசறது இங்க மரியாதைக்குறைவு கிடையாது, காரணத்தோட சொல்லுங்க. ஆக்சென்ட்ட மாத்த முயற்சி பண்ணாதீங்க, நிறுத்தி நிதானமா பேசினா எல்லாருக்கும் புரியும்.

ரெண்டாவது இல்ல மூணாவது வாரத்துலயே ஆபீஸ் அவர்ஸ், அதாவது ப்ரொஃபசர் தன் ரூம்ல ஸ்டூடன்ட்ஸ பாக்க ஒதுக்கற நேரம், அதுக்கு போங்க, சந்தேகம் இருந்தாதான் போகணும்னு இல்ல, படிச்சதுல பிடிச்சத பத்தி பேசலாம், அவர் என்ன ரிசர்ச் பண்றார்னு கேக்கலாம். பின்னாடி சம்மர் ரிசர்ச்சுக்கோ மாஸ்டர்ஸுக்கோ ரெக்கமண்டேஷன் லெட்டர் வேணும்னு நிக்கும்போது உங்கள பேர் சொல்லி தெரிஞ்ச ப்ரொஃபசர் ஒருத்தராவது இருக்கணும் இல்லையா.

கேட்ட செமினார் கிடைக்கலன்னா உடனே விட்டுடாதீங்க, முதல் ரெண்டு வாரத்துல நிறைய பேர் கோர்ஸ் மாத்துவாங்க, வெயிட்லிஸ்ட்ல பேர் போட்டுட்டு, முதல் வகுப்புக்கு வந்து உக்காரலாமான்னு ப்ரொஃபசருக்கு மரியாதையா நாலு வரில ஒரு மெயில் போடுங்க.