நாவலுக்கு ஒரு சார்ட் பேப்பர்

நாவலைத் தொடங்கிவிட்டுப் பாதியில் நிற்கிறீர்களா? கதைக்கு முதலில் நாள்கணக்கு கொடுங்கள். சென்னை காசிமேட்டு மீனவர் கதை என்றால் மீன்பிடித் தடைக்காலமே கையில் இருக்கிறது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகு கடலுக்குப் போகாது, வீட்டில் வருமானம் இருக்காது. நெருக்கடியைத் தனியாகக் கற்பனை செய்யவே வேண்டாம்.

ஒரு சார்ட் பேப்பரில் 61 கட்டம் போடுங்கள். படகுக்காரர் குடும்பத்துக்குச் சிவப்பு, துறைமுக லாரி டிரைவருக்கு நீலம், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடை வேலைக்குப் போகிற பெண்ணுக்குப் பச்சை. ஒவ்வொரு சம்பவத்தையும் அது நடக்கிற நாளில் ஒரே வரியில் எழுதுங்கள். 'வீட்டில் பணக்கஷ்டம்' என்பது நிலைமை. 'புது வலை வாங்க அக்கா செயினை அடகு வைக்கிறாள்' என்பதுதான் சம்பவம்.

பத்து நாளாக ஒரு நிறம் வரவில்லை என்றால் அந்த இழை அறுந்துவிட்டது. ஒரே கட்டத்தில் இரண்டு நிறம் விழுந்தால் வட்டம் போடுங்கள். அந்தச் செயினை மீட்க லாரிக்காரர் பணம் நீட்டுகிற நாள் மாதிரி. எனக்கு இந்தக் காட்சிகள்தான் நாவலின் உயிர். இவற்றை முதலில் எழுதிவிடுங்கள், அப்புறம் முதல் அத்தியாயத்துக்கு வரலாம்.