நெல் வேரின் இரும்புப் படலத்தை அளக்கும் முறை

நீர் தேங்கிய வயலில் வளரும் நெல்லின் வேரைக் கழுவிப் பார்த்தால் அது செம்பழுப்பாக இருக்கும். தண்டின் காற்றறைகள் வழியே இறங்கும் ஆக்சிஜன் வேரிலிருந்து கசிந்து, சேற்றுநீரில் கரைந்துள்ள ஃபெரஸ் இரும்பை ஃபெரிக் ஆக்சைடாக மாற்றிப் படியச் செய்வதே இதற்குக் காரணம். ஆர்சனிக்கையும் பாஸ்பேட்டையும் இப்படலம் பிடித்துவைப்பதால், அதன் அளவு பயிராய்வில் முக்கியமானது.

பயிரைப் பிடுங்கினால் மெல்லிய வேர்கள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும் என்பதால், மண்கட்டியோடு வெட்டி எடுத்து, மெதுவாக ஓடும் நீரில் மண்ணைக் கரையவிட வேண்டும். இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலான அளவீடுகள் பிழைபடுகின்றன: அழுத்தித் தேய்த்தால் படலம் உதிரும், மண்துகள் ஒட்டியிருந்தால் அதிலுள்ள இரும்பும் கரைந்து கணக்கில் சேரும். இளம் வேர்நுனிகள் படலமின்றி வெண்மையாக இருப்பதால், எல்லாச் செடிகளிலும் வேரின் ஒரே பகுதியை எடுப்பது நல்லது. இறுதியாக அயனி நீக்கிய நீரில் அலசி, வேரை உலர்த்தாமல் அன்றே பயன்படுத்த வேண்டும்.

ஒரு லிட்டர் நீரில் 8.8 கிராம் சோடியம் சிட்ரேட் டைஹைட்ரேட்டும் 10.5 கிராம் சோடியம் பைகார்பனேட்டும் கரைத்தால், முறையே 0.03, 0.125 மோலார் செறிவு கிடைக்கும். ஏறத்தாழ ஒரு கிராம் ஈர வேரை இக்கரைசலில் 40 மில்லிலிட்டரில் இட்டு, 0.6 கிராம் சோடியம் டைதையோனைட் சேர்த்து, 20 முதல் 25 டிகிரி வெப்பநிலையில் 60 நிமிடம் வைக்க வேண்டும். டைதையோனைட் ஃபெரிக் இரும்பை ஒடுக்கி, அதாவது மீண்டும் ஃபெரஸாக மாற்றிக் கரைக்க, சிட்ரேட் அதைக் கரைசலிலேயே தக்கவைக்கிறது. சூடாக்கினால் வேர்த்திசுவின் உள்ளிருக்கும் இரும்பும் வெளியேறக்கூடும். எனவே விரைவாக முடிக்கலாம் என்று சூடாக்கக் கூடாது. டைதையோனைட் ஈரக்காற்றில் சிதைந்து கந்தக டைஆக்சைடை வெளியிடும் என்பதால், அதைப் பயன்படுத்தும் நேரத்தில் மட்டும் எடைபோட்டு, காற்றோட்டமுள்ள வாயுப் போக்கியின் கீழ்ச் சேர்ப்பது பாதுகாப்பு.

பின்னர் வேரை மும்முறை அலசி, அந்த நீரையும் சாற்றோடு (வேரை ஊறவைத்த கரைசலோடு) சேர்த்துத் திட்டக் குடுவையில் 100 மில்லிலிட்டராக்கி, அணுக்கள் உறிஞ்சும் ஒளியைக் கொண்டு தனிமத்தை அளக்கும் அணு உறிஞ்சல் நிறமாலைமானியில் 248.3 நானோமீட்டரில் இரும்பை அளக்க வேண்டும். வேரில்லாத வெற்றுக் கரைசலையும் அவ்வாறே அளந்து கழிப்பதும், இரும்பின் செறிவு தெரிந்த திட்டக் கரைசல்களை அதே வேதிப்பொருள்கள் கலந்த நீரில் தயாரிப்பதும் கட்டாயம். வேர் வெளுத்துவிட்டது என்பதைக் கொண்டே படலம் முழுதும் கரைந்ததாகக் கொள்ளாமல், சில மாதிரிகளை இரண்டாம் முறையும் பிரித்தெடுத்துப் பார்ப்பது நம்பகமானது.

அலசிய வேரை 70 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்தி நிறுக்க வேண்டும். சாற்றில் லிட்டருக்கு 12 மில்லிகிராம் இரும்பும், உலர் வேர் 0.15 கிராமும் இருப்பின், 100 மில்லிலிட்டரில் உள்ள 1.2 மில்லிகிராமை 0.15ஆல் வகுக்க, ஒரு கிராம் உலர் வேருக்கு 8 மில்லிகிராம் இரும்பு என்று கிடைக்கும்.