புளித்த மோர் பக்கத்தில் உரம் விற்கப் போன கதை: அஃபிலியேட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி போன் செய்தார். மாடித்தோட்டம் பற்றித் தளம் நடத்துகிறார். "அண்ணா, தினமும் ஆயிரம் பேர் வர்றாங்க. எல்லாப் பக்கத்துலயும் அமேசான் லிங்க் போட்டிருக்கேன். இதுவரைக்கும் அறுபது ரூபாதான் வந்திருக்கு." நாம் வைத்த லிங்க் வழியாக யாராவது பொருள் வாங்கினால் நமக்குக் கமிஷன், அதுதான் அஃபிலியேட். எந்தப் பக்கத்துக்குக் கூட்டம் அதிகம் என்று கேட்டேன். "முட்டை ஓடு உரம்ணா" என்றார். சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. நான் விழுந்து எழுந்த அதே பள்ளம்.

அடுத்தவர் கட்டுரையைக் காப்பி அடிக்காதே என்பது போன்றவற்றை நான் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

கூட்டம் வருகிற பக்கத்தில் கடை போடுவது

என் தளத்தில் அப்போது நன்றாக ஓடியது, கறிவேப்பிலைச் செடிக்குப் புளித்த மோர் ஊற்றுவது பற்றிய பக்கம். வருகிறவர்களில் பாதிப்பேர் அதற்குத்தான் வந்தார்கள். திருவிழாவில் கூட்டம் நிற்கிற இடத்தில்தானே பலூன்காரர் நிற்பார்? நானும் நின்றேன். மோரில் எவ்வளவு தண்ணீர் கலப்பது என்று சொல்வதற்கு முன்பே மண்புழு உரம், கடற்பாசி உரம், பூவாளி என்று ஆறு லிங்க் வைத்தேன்.

அந்தப் பக்கத்துக்கு வருகிறவர் யார்? ஃபிரிட்ஜில் நாலு நாள் மோர் கிடக்கிறது, சிங்க்கில் கொட்ட மனசில்லை, செடிக்கு ஊற்றலாமா என்று பார்க்க வந்தவர். காசு செலவழிக்கக் கூடாது என்றே வந்தவரிடம் 300 ரூபாய் உரத்தை நீட்டினால் அவர் ஏன் வாங்குகிறார்?

அதோடாவது விட்டேனா? ஆட்கள் போதவில்லை போலிருக்கிறது என்று அதே ரகத்தில் இன்னும் முப்பது கட்டுரை. வெங்காயத் தோல், டீத்தூள், அரிசி கழுவிய தண்ணீர். பாதியைக் காசு கொடுத்து எழுதி வாங்கினேன். வாசகர்கள் கூடினார்கள், கமிஷன் அசையவில்லை. நாலு மாதத்தில் ரிப்போர்ட்டில் தெரிந்த ஒரே விற்பனை ஒரு குக்கர் கேஸ்கெட். நம் லிங்க்கைத் தொட்டவர் 24 மணி நேரத்துக்குள் அமேசானில் வேறு பொருள் வாங்கினாலும் பெரும்பாலும் நம் கணக்கில் சேரும். கேஸ்கெட் வந்த வழி அது. எழுதக் கொடுத்த காசை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அதே தளத்தில் 'எந்தச் செடிக்கு எந்த அளவு க்ரோ பேக்' என்று ஒரு பக்கம் மூலையில் கிடந்தது. ஒரு நாளைக்கு இருபது பேர் வந்தால் அதிகம். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு 12 அங்குலப் பை போதும், கீரைக்கு உயரம் வேண்டாம், அகலம் வேண்டும், துணியின் கனம் 220 ஜிஎஸ்எம்மா (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) 260ஆ என்று என் மாடியில் கிழிந்த பைகளைப் பார்த்து எழுதியது. போகிற போக்கில் அதில் ஒரே ஒரு லிங்க் வைத்தேன். அந்த வாரமே விற்றது. அங்கே வருகிறவர் வாங்குவதென்று முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார். எதை வாங்குவது என்பது மட்டும்தான் அவருக்குக் குழப்பம்.

கூகுளின் சர்ச் கன்சோலைத் திறந்து, உங்கள் தளத்துக்கு என்ன தேடி வந்தார்கள் என்று பாருங்கள். 'ஏன்', 'எப்படி', 'வீட்டிலேயே' என்றிருந்தால் பதிலைச் சொல்லி அனுப்பிவிடுங்கள். 'எது நல்லது', 'எந்த அளவு', 'எத்தனை லிட்டர்' என்றிருந்தால் அங்கே லிங்க் வையுங்கள். மோர் பக்கத்தில் இப்போது கடைசியில் ஒரு வரிதான் இருக்கிறது: செடி தொட்டியை மீறி வளர்ந்துவிட்டதா, அடுத்த பை எந்த அளவு என்று பாருங்கள். தட்டினால் க்ரோ பேக் பக்கம். மோர் பக்கத்திடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பதில்லை.

விலையை எழுதி வைப்பது

இன்று 349 என்று எழுதுவீர்கள், நாளை அங்கே 420 இருக்கும். வாசகர் திட்டுவது உங்களைத்தான். விலையைக் கையால் எழுதி வைப்பது அமேசான் விதிப்படியும் தவறு.

சொந்த லிங்க்கில் வாங்குவது

கூடாது. மாமியார் பெயரிலும் கூடாது.

கமிஷனை மறைப்பது

'இந்த லிங்க்கில் வாங்கினால் எனக்குக் கமிஷன் உண்டு' என்று மேலேயே எழுதிவிடுங்கள். அதைப் படித்துவிட்டு ஓடிப்போன வாசகரை நான் பார்த்ததில்லை. இது காசு வருகிற லிங்க் என்று கூகுளுக்குச் சொல்லும் 'ஸ்பான்சர்டு' குறியையும் லிங்க்கின் கோடில் சேருங்கள், கூகுள் 2019இல் கொண்டுவந்தது.

அவசரமாகக் கணக்குத் திறப்பது

180 நாளுக்குள் மூன்று விற்பனை வராவிட்டால் அமேசான் கணக்கை மூடிவிடும். விற்கிற மாதிரி நாலு பக்கமாவது எழுதிவிட்டு அப்புறம் விண்ணப்பியுங்கள்.

தம்பிக்கு ஐந்து மாதம் ஓடிவிட்டது, இரண்டுதான் விற்றிருக்கிறது. அவர் தளத்தைத் துழாவினேன். 'ஐந்து கிலோ கோகோபீட் (தென்னை நார்த்தூள்) கட்டி எத்தனை பைக்கு வரும்' என்று ஒரு பக்கம், கணக்கெல்லாம் சரியாகப் போட்டிருந்தார். அதில் மட்டும் லிங்க் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"அதுக்கு எட்டுப் பேர்தாண்ணா வர்றாங்க" என்றார்.